ஒரு பல் பின்னால்

பட்டறையில் அவருக்கு 'ஒருதரம்' என்று பேர். எந்த இன்ஜினையும் ஒருதரம்தான் திறப்பார். மூடியதை மறுபடி திறந்ததாகச் சரித்திரமே இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தப் பேர்தான் அவருக்குச் சோறு போட்டது.

அவருடைய அக்கா ஓட்டும் பழைய பள்ளிக்கூட வேனுக்கு, வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிக் கொடுத்ததும் அவர்தான். மறுநாளே அக்கா வந்து நின்றாள்.

"தம்பி, ஓடும்போது நல்லாத்தான் இருக்கு. சிக்னல்ல நின்னா குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குது. ரெண்டு தடவ அணைஞ்சே போச்சு."

"கிளட்ச்ல உன் கால் சரியா நிக்கலக்கா. வண்டி என்ன பண்ணும்?"

"பதினோரு வருஷமா நின்ன காலுதானேடா."

"வயசு ஆகுதில்ல?"

பட்டறையே சிரித்தது. அக்காவும் சிரித்துவைத்தாள். அவருக்குள் ஒரு சந்தேகம் தட்டத்தான் செய்தது. ஆனால் திறந்தால் பேர் போய்விடும். வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றி, நடுக்கத்தை அமுக்கி அனுப்பிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து, அதே ரக இன்ஜின் ஒன்றுக்கு பெல்ட் மாட்டும்போது கை அப்படியே நின்றது. வால்வுகளை இயக்கும் கேமின் பல்சக்கரத்தில், பெல்ட்டை நேர்வைத்து மாட்ட இரண்டு புள்ளிகள். ஒன்று இந்த இன்ஜினுக்கு. மற்றது இதே சக்கரம் போடும் வேறொரு இன்ஜினுக்கு. அன்றைக்கு அக்கா வேனுக்கு எதை வைத்தோம்?  புள்ளி மாறினால் கேம் ஒரு பல் பின்தங்கும். காற்றை உள்ளே விடும் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறும்போது, இழுத்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும். வேகத்தில் காற்று முட்டிக்கொண்டு நுழைவதால் குறை தெரியாது. நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றும்போதுதான் பல்லிளிக்கும்.

அன்று மத்தியானமே வேனைக் கொண்டுவரச் சொல்லி, எல்லோரும் பார்க்க மூடியைக் கழற்றினார். தவறான புள்ளிதான்.

"என்னண்ணே, ரெண்டாந்தரமா?" என்றான் வெல்டர்.

அவர் பெல்ட்டைக் கழற்றினார். ஒரு பல் தள்ளி மாட்டி, ஸ்க்ரூவையும் பழையபடி இறக்கினார். இன்ஜின் இருக்கிற இடம் தெரியாமல் சுற்றியது.

"உன் கால்ல ஒண்ணுமில்லக்கா. தப்பு என்னோடது."

அக்கா இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலைலதான் ஸ்கூல்ல எழுதிக் குடுத்தேன்."

"என்னன்னு?"

"கால் முன்ன மாதிரி இல்ல, பிள்ளைங்கள ஏத்தப் பயமா இருக்கு, வேற ஆளப் பாருங்கன்னு."

"வா, நான் வந்து சொல்றேன்."

"என்னத்தச் சொல்லுவ? ஒரு பல்லு தள்ளிப்போச்சுன்னா அவங்களுக்குப் புரியுமா? கால் சரியில்லன்னா எல்லாருக்கும் புரியும்."

அவர் சாவியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயே ஓட்டு. எனக்கு இப்ப என் மேலயே நம்பிக்கை இல்ல."