தொண்ணூறாம் நம்பர் ஒயில்

அப்பா இறந்து எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் என் அண்ணன் என்னைக் கொலைகாரன் ஆக்கினான். அவன் வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாமாமாரும் சித்தப்பாமாரும் வரிசையாக இருந்து சாப்பிட, கையில் சோற்றுடன் நிமிர்ந்து சொன்னான்.

"கழிவொயிலை ஊத்தி ஊத்தித்தான் உவன் அப்பாவைச் சாக்காட்டினவன். ஒரு நல்ல ஒயில் வாங்கிக் குடுக்க உவனுக்கு மனம் வரேல்லை."

ஒரு மாமா மட்டும், "சரி, சரி, சாப்பிடுங்கோ" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அது பொறுமையால் அல்ல. அவன் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தால்.

நடந்தது இதுதான். நீர்வேலியில் ஒரு வாழைக்குலையை வாங்கிக்கொண்டு, அப்பா தன் பழைய மோட்டார் சைக்கிளில் உரும்பிராய்க்குத் திரும்பி வந்தார். வழியில் செயின் அறுந்து பின்சில்லில் சுற்றிக்கொண்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை படுத்திருந்தார். சளி நெஞ்சில் கட்டிப் போய்ச் சேர்ந்தார். என் மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றும்போது வடிகிற கறுப்பு ஒயிலைச் சோடாப் போத்தலில் பிடித்து, "செயினுக்கு விடுங்கோ அப்பா" என்று கொடுத்து வந்தவன் நான்தான். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் விடுகிறார்கள்.

அந்தப் பந்தியிலேயே கறுவிக்கொண்டேன். அண்ணன் விமானம் ஏறிய பிறகும் கறுவல் இறங்கவில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க எனக்கு வராது. மலிவான ஒயில் ஒரு செயினை அறுக்குமா என்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அறுக்காது என்று தெரிந்தால் அவனை அதே ஆட்கள் முன்னால் நாறடிக்க வேண்டும். அறுக்கும் என்று தெரிந்தால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை.

என் பள்ளிக்கூடம் கீரிமலைப் பக்கம். புறப்படும் இடத்தில் செம்மண் புழுதி, போய்ச் சேரும் இடத்தில் உப்புக்காற்று. ஒரு செயினைச் சோதிக்க இதைவிட மோசமான பாதை கிடைக்காது. என் மோட்டார் சைக்கிள் செயினுக்கு முதலில் கழிவொயிலையே விட்டேன். அது சில்லெல்லாம் தெறித்து, மிச்சம் செம்மண்ணோடு சேர்ந்து சாந்து போல ஆனது. கிறீஸ் அதைவிட மோசம், புழுதியை வா வா என்று கூப்பிட்டது. தையல் மெசின் எண்ணெய் இரண்டு நாளில் காய்ந்துபோனது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரே என்று தேங்காய் எண்ணெயும் விட்டுப் பார்த்தேன், எறும்புகளுக்குக் கொண்டாட்டம்.

கடைசியில் வாய்த்தது கியர் ஒயில், தொண்ணூறாம் நம்பர். சின்னப் போத்தல் ஒன்று வாங்கினால் மாதக்கணக்கில் வரும். செயினை மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு, உள்பக்கமாக, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி. சில்லைக் கையால் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு, வெளியில் நிற்கிற ஒயிலைச் சாரத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஒயில் வேலை செய்வது உருளைக்குள்ளே, வெளியே மினுங்குவதெல்லாம் புழுதிக்குத்தான். இதை நான் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் ஒவ்வொரு துளியையும் அண்ணனை நினைத்துத்தான் விட்டேன்.

அதற்குப் பிறகே அப்பாவின் மோட்டார் சைக்கிள் கிடந்த கராஜுக்குப் போக எனக்குத் துணிவு வந்தது. மெக்கானிக் அறுந்த செயினை ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். கையில் எடுத்துப் பார்த்தேன். மடிக்க மடியவில்லை, துரு உதிர்ந்தது.

"கழிவொயில் விட்ட செயினே உது?" என்றேன்.

"கழிவொயிலோ? அறுகிறதுக்கு முன்னமே உதுக்கு ஒரு வருசமா ஒரு ஒயிலும் விடேல்லை அண்ணை. கறளைப் பாருங்கோவன். கழிவொயில் விட்டிருந்தாலும் கிடந்து இழுத்திருக்கும்."

வீட்டுக்கு வந்து தண்ணி மோட்டர் வைக்கிற கொட்டிலைப் பார்த்தேன். நான் கொடுத்த சோடாப் போத்தல்கள் மூன்றும் கழுத்துவரை நிறைந்தபடி நின்றன. "அப்பா செயினுக்கு என்ன விட்டவர்?" என்று அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு உந்த மெசின் விசயம் ஒண்டும் தெரியாது" என்றார்.

மோட்டார் சைக்கிளை விற்பதற்கு அதன் பதிவுப் புத்தகம் தேவைப்பட்டது. அதைத் தேடி அப்பாவின் அலுமாரியைத் திறந்தேன். அண்ணன் கப்பல் பெட்டியில் அனுப்பிய சாமான்கள் எல்லாம் அங்கே அடுக்கியபடி இருந்தன. உறை பிரிக்காத சவர்க்காரம், மடிப்புக் கலையாத சேட்டுகள், மூடி திறக்காத சென்ற் போத்தல். எங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமான் பாவிப்பதற்கு அல்ல, வைத்திருப்பதற்கு. அவற்றுக்கு நடுவில் ஒரு துவாயில் சுற்றியபடி, செயினுக்கு விடுகிற விலைகூடின ஒயில் இருந்தது. சீல் உடைக்கவில்லை. மேலே அண்ணனின் கையெழுத்தில் 'அப்பாவுக்கு' என்று எழுதியிருந்தது.

உட்கார்ந்துவிட்டேன். மூத்தவன் நல்லது அனுப்பியிருக்கிறான் என்று அப்பா என்னுடையதை விடவில்லை. நல்லது என்பதால் அவனுடையதையும் உடைக்கவில்லை. அழுகை வந்தது. அதைவிட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோசம் வந்தது. அன்றைக்கே ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கலண்டரில் பார்த்தேன்.

அப்பாவுக்குக் கீரிமலையில் தர்ப்பணம் செய்ய அண்ணன் வந்திருந்தான். அம்மாவும் மாமாமாரும் வான் வண்டியில் வர, அவன் என் பின்னால் ஏறிக்கொண்டான். பாதி வழியில், "சத்தமே இல்லாமல் ஓடுது, என்ன விட்டனி?" என்று கேட்டான். "மலிவானது ஒண்டு" என்றேன். என் பையில் அவன் அப்பாவுக்கு அனுப்பிய ஒயில் போத்தல் இருந்தது.

தர்ப்பணம் முடிந்து, ஈர வேட்டியோடு கேணிக் கட்டில் எல்லோரும் நின்றபோது எடுத்து அவன் கையில் வைத்தேன். எட்டுச்செலவுக்கு வந்த அதே மாமாமார்தான் சுற்றி நின்றார்கள்.

"உன்ரை சாமான். முடிஞ்சுபோச்சு எண்டு நினைச்சனியோ? அப்பா கடைசிவரைக்கும் உடைக்கேல்லை. நீ அனுப்பினது எண்டு வைச்சிருந்தவர். செயினுக்கு வேறை ஒண்டும் விடவும் இல்லை. இப்ப சொல்லு, ஆர் சாக்காட்டினது?"

அண்ணன் சீலைத் தடவிப் பார்த்தான். பிறகு அப்படியே படியில் குந்தி, வயது போன ஆள் போல வாய்விட்டு அழுதான். மாமா ஒருவர் என்னை முறைத்தார். நான் கேணியில் இறங்கி ஆறுதலாக இன்னொருமுறை முழுகினேன். எனக்கு இரக்கம் வரவில்லை. தண்ணீர் அவ்வளவு சுகமாக இருந்தது.

மத்தியானம் விரதச் சாப்பாட்டுக்கு அண்ணன் வரவில்லை, அறைக்குள் படுத்துவிட்டான். அம்மா எனக்கு மட்டும் இலை போட்டார்.

"நீ உதை அவனுக்குக் காட்டியிருக்கக் கூடாது தம்பி."

"அவன் என்னைச் சொல்லேக்கை நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"கேட்டனான். அப்பா விழுந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். அந்தப் போத்தலை உடைச்சு விடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். கேக்கேல்லை அந்த மனுசன்." பருப்புக்கு மேல் நெய்யை விட்டார். "மூத்தவன் தூரத்திலை தனிய இருக்கிறவன். தெரிஞ்சால் தாங்கமாட்டான். அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப நான்?"

"நீ எனக்குப் பக்கத்திலை இருக்கிறாய்தானே."

என் அறைக்கும் அம்மாவின் அறைக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்த வருடம் முழுக்க நான் அழுததை எல்லாம் அவர் கேட்டிருக்கிறார். அண்ணனைப் பழிவாங்க எனக்கு வழி கிடைத்தது. அம்மாவை என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவினேன்.