தொழில்: சிங்கர்

என் பீரோவில் நகைப் பெட்டிக்கு மேலே ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டில் அட்டைதான் எனக்கு உசத்தி. திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகளின் கடைசியில், நாடகக் கலைஞர்கள் மன்றத்தில் சேர்ந்தபோது கொடுத்தது.

மன்றம் பல்லடம் சாலையில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. படிக்கட்டின் அடியிலேயே 'உறுப்பினர் மட்டும்' என்று பலகை. மேலே கேரம் போர்டு, ஆர்மோனியம், ஆள் உயரக் கண்ணாடி எல்லாம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அவை எதுவும் வேண்டாம். அங்கே ஒரு நீள நோட்டு இருந்தது. கோயில் நோம்பிக்கு நாடகம் போடுகிற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஆள் கூப்பிடுவார்கள். அதில் பேர் இருந்தால் நடிகை. இல்லாவிட்டால், 'பனியன் கம்பெனிப் பொண்ணு ஒண்ணு சுமாரா நடிக்குமுங்க.' வேலம்பாளையம் காலனியில் ஐந்து நாடகம் நடித்த பிறகும் என்னை அப்படித்தான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விண்ணப்பத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் மேலேயே வைத்து நிரப்பினேன். 'தொழில்' என்று ஒரு கட்டம். 'நடிகை' என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன், கை வரவில்லை. அதுவரை ஒருவரும் என்னை அப்படிச் சொன்னதில்லையே. சோறு போடுவது எதுவோ அதை எழுதுவோம் என்று 'சிங்கர்' என எழுதிவிட்டேன். பனியன் கம்பெனியில் நேர்த்தையல் மெஷினுக்கு அதுதான் பேர், எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சரி. அதை ஓட்டுகிற ஆளுக்கும் அதே பேர். காலர், பட்டி, லேபிள் எல்லாம் சிங்கர் வேலை. எழுதியதில் தப்பு இருப்பதாக எனக்குத் துளியும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னார்கள். துணைக்கு என் அண்ணன் மனைவி வந்தார்; எங்கள் பக்கம் நங்கை என்போம். மாடியில் இருபது பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் ஆண்கள். புதிதாகச் சேர்கிறவர் தம் கலையில் ஏதாவது செய்துகாட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நான் ஓர் அழுகைக் காட்சியைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒப்பனைக்காரரான செயலாளர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு ஆர்மோனியக்காரருக்குக் கண் காட்டினார்.

"எந்தச் சுருதிங்கம்மா?" என்று கேட்டார் ஆர்மோனியக்காரர்.

"சுருதி எனக்கெதுக்குங்க?"

"பாடறதுக்குங்க. சிங்கர்னு எழுதியிருக்கறீங்களே."

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. நங்கைக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்.

"ஐயோ, நான் பாட்டுக்காரி இல்லீங்க. பனியன் கம்பெனில சிங்கர் மெஷின் ஓட்டறனுங்க. நடிக்கறதுக்குத்தான் வந்தனுங்க."

மாடியே சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ராஜா வேடம் கட்டிப் பேர் வாங்கிய ஒரு பெரியவர் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "பனியன் தைக்கறவங்களுக்கு இங்க என்னங்கம்மா வேலை? இது கலைக்காரங்க வர்ற எடமுங்க" என்றார். எங்கள் ஊரில் அவமானப்படுத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் அவமானப்படுத்துவார்கள். வலி என்னவோ ஒன்றுதான்.

"நீங்க போட்டிருக்கற பனியனுக்கு லேபிள் வெச்சுத் தைச்சதும் ஒரு சிங்கர்தானுங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே நடுவில் போய் நின்றேன். அந்தக் கோபத்தில் தயார் செய்த அழுகை எங்கே வரும்? சரக்கு அனுப்பும் அவசரத்தில் ஞாயிறும் வேலை இருந்தது; அன்று காலை கம்பெனியில் நடந்ததையே நடித்தேன்.

முதலில் சூப்பர்வைசராக நெஞ்சை நிமிர்த்தி, "ஏங்கண்ணு, சிப்மெண்ட் டைம்ல உனக்கு நாடகம் கேக்குதா?" என்றேன். பிறகு நானாகக் குறுகி, "ஒரு மணி நேரம் பெர்மிஷன் குடுங்க சார், பீஸை முடிச்சிட்டுத்தான் போவனுங்க" என்றேன். மறுபடி சூப்பர்வைசராக, "நீ நடிச்சு என்னத்தக் கிழிக்கப் போறே?" காலையில் அதற்குச் செய்ததையே மாடியிலும் செய்தேன். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். கையில் துணி இல்லை, காலடியில் பெடல் இல்லை. லேபிளை வைத்தேன், தைத்தேன், நூலை அறுத்தேன், அடுத்த பீஸை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்க நேரமில்லாதவளாகத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

எழுந்து பார்த்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நங்கை மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ராஜா வேடக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "தப்பாப் பேசிப்போட்டனுங்கம்மா" என்றார். பிறகு செயலாளரிடம் திரும்பி, "நோட்டுல எழுதுங்க. நடிகைன்னு எழுதுங்க" என்றார்.

செயலாளர் நோட்டில் எழுதி முடித்து, விண்ணப்பத்தைப் பார்த்து மஞ்சள் அட்டையில் ஏற்கெனவே எழுதியிருந்த 'சிங்கர்' என்பதை அடிக்கப் போனார். நான் குறுக்கே கையை வைத்தேன். "அடிக்காதீங்க. அதுவும் பொய் இல்லீங்க. பக்கத்துல எழுதுங்க."

பக்கத்தில் 'நடிகை' என்று எழுதினார். படி இறங்கும்போது அந்த 'உறுப்பினர் மட்டும்' பலகையை இன்னொரு தரம் வாசித்தேன். பெருமை தாங்கவில்லை, நங்கை வாசிக்கட்டும் என்று அவரையும் பிடித்து நிறுத்தினேன்.

தொண்ணூறுகளில் சேவூர் வரை போய் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். போகிற ஊரில் யாராவது அட்டையைப் படித்துவிட்டு, "பாடவும் செய்வீங்களாம்மா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க," என்பேன், "தைப்பனுங்க."