மேல்மாடி வால்வு

கலியாணமாகித் திருகோணமலைக்கு வந்தபோது துறைமுகப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் எங்களுக்கு வீடு கிடைத்தது. நான்காம் மாடி. என் கணவருக்குக் கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். திரியாயில் வயலும் வளவுமாக வளர்ந்தவள் நான். நிலத்தில் கால் படாமலே ஒரு பகல் முழுக்கப் போய்விடும் என்பதை அங்கேதான் கண்டேன். எதிர்வீடு பூட்டியே கிடந்தது. யன்னலைத் திறந்தால் தூரத்தில் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். கதைக்கத்தான் ஆளில்லை. பின்னேரம் கடையில் சீனி கேட்கும்போது என் குரல் எனக்கே கரகரத்துக் கேட்கும். அன்று அதுதான் நான் வாய் திறக்கும் முதல் தடவையாக இருக்கும்.

என் வாசலுக்கு வெளியே, படிகள் முடியும் இடத்தில், ஒரு சிவப்புக் குழாய் சுவரோடு ஏறி வந்து நின்றது. அதன் நுனியில் பித்தளை வால்வு. பக்கத்துப் பெட்டிக்குள் கன்வஸ் குழாயொன்று சுருட்டி வைத்திருந்தது. நெருப்புப் பிடித்தால் பாவிக்கவென்று ஒவ்வொரு மாடியிலும் அப்படி ஒன்று. கீழே முற்றத்தில் நிலத்துக்குள் கட்டிய தண்ணீர்த் தாங்கி, அதனருகில் பம்பு அறை.

ஒரு சனிக்கிழமை காலை, பம்பு பார்க்கிறவர் கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து என் வாசலில் நின்றார். மூதூர் முஸ்லிம் மனிதர்; அண்ணன் முறையில் எல்லோரும் அவரை நானா என்பார்கள். கிழமை நாட்களில் பம்பு அறையை ஒட்டிய சின்ன அறையில் தங்குவார். சனிக்கிழமை மத்தியானம் லோஞ்சுப் படகில் வீட்டுக்குப் போவார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"தங்கச்சி, ஒரு உதவி செய்வீங்களா? நெருப்புப் பம்பைக் கிழமைக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும். கீழ ஓடினாப் போதாது, மேல தண்ணி வருதா எண்டு தெரியோணும். என்ட முழங்கால் நாலு மாடி ஏற ஏலாது எண்டுது."

"நான் என்ன செய்யோணும் நானா?"

"பம்புச் சத்தம் கேட்டதும் வாளிய வெச்சு வால்வைக் கொஞ்சமாத் திறங்க. தண்ணி பாஞ்சா மேல இருந்து ஒரு சத்தம் தாங்க."

அடுத்த சனிக்கிழமை செய்தேன். முதலில் குழாய் நடுங்கியது. பிறகு காற்றுச் சீறியது. அதற்குப் பிறகு துருத் தண்ணீர், கடைசியாகத் தெளிந்த தண்ணீர். படிக்கட்டுச் சுவரால் எட்டிக் கீழே கத்தினேன்.

"நானா, வருது!"

"துரு போயிட்டா?"

"ஓம், தெளிஞ்சிட்டுது."

"சரி, பூட்டுங்க."

எங்கள் கதை அவ்வளவுதான். அந்த வாளித் தண்ணீரில் படியைக் கழுவிவிடுவேன். கொஞ்சக் காலத்தில் சனிக்கிழமைகளில் வேளைக்கே எழும்பித் தலை வாரி இழுத்து, வாளியை வாசலில் வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினேன். அவர் பம்பு ஓட்டச் சுணங்கினால் மனம் ஒரு மாதிரி இருக்கும். இதை அவரிடம் சொன்னதில்லை. சொல்ல என்ன இருந்தது?

ஒரு வருஷம் மழை பொய்த்தது. குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. நிலத்தடித் தாங்கியில் பாதிக்கு மேலுள்ள தண்ணீர்தான் வீடுகளுக்கு. கீழ்ப்பாதி நெருப்புக்கென்று விட்டிருந்தது. ஆட்கள் மூடியைத் திறந்து கயிற்றில் வாளி விட்டு அள்ளினார்கள். நானா மூடிக்குப் பூட்டுப் போட்டார்.

"பிள்ளையளுக்குக் குளிக்கத் தண்ணியில்லை, உமக்கு நெருப்புப் பம்பு கேக்குதோ?" என்று முற்றத்தில் ஒருவர் சத்தம் போட்டது நான்காம் மாடிக்கும் கேட்டது. அதன் பிறகு நானா முற்றத்தில் இருந்தால் ஆட்கள் விலகிப் போனார்கள். பம்பு அறைப் படியில் அவர் தனியே இருந்து பாண் சாப்பிடுவதை நான் மேலேயிருந்து பார்ப்பேன். இறங்கிப் போய் ஒரு கறி கொடுக்கலாம் என்று நினைப்பேன். கணவன் ஊரில் இல்லாத பெண் என்ற நினைப்பு வந்து காலைக் கட்டிவிடும்.

நெருப்புப் பிடித்ததும் அந்தக் கோடையில்தான். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் தனியே இருந்தார். மத்தியானம் எரிகிற அடுப்புக்கு மண்ணெண்ணெய் விட்டிருக்கிறார். நான் புகை மணந்து ஓடி இறங்கியபோது, அவர் பொசுங்கிய கையைப் பிடித்தபடி வாசலில் நின்றார். குசினித் திரை எரிந்து அலுமாரிக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"நானா, நெருப்பு! மூண்டாம் மாடி!" என்று கீழே கத்தினேன்.

"ஆக்கள் வெளியிலயா?"

"ஓம், வெளியில!"

"குழாயை மாட்டுங்க, பம்பு போடுறன்."

அந்த மாடிப் பெட்டியைத் திறந்து கன்வஸ் குழாயை மாட்டினேன். கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்து பின்னால் பிடித்தாள். அதுவரை நாங்கள் கதைத்ததில்லை. பம்பு உறுமியது. வால்வை முழுக்கத் திறந்தேன். தட்டையாகக் கிடந்த குழாய் பருத்து எழும்பி இரண்டு பேரையும் சுவரோடு தள்ளியது. விடவில்லை. குசினி, அலுமாரி, கதிரை எல்லாம் நனைந்து, புகை வெள்ளையாகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அன்று பின்னேரம் என் வீடு நிறைய ஆட்கள். இருந்த கோப்பையெல்லாம் எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். முற்றத்தில் சத்தம் போட்டவரே பம்பு அறைக்குப் போய் நானாவின் கையைப் பிடித்தாராம். ஒரு கிழமை எல்லோரும் படியில் நின்று கதைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கிளார்க் ஐயா தங்கச்சியின் வீட்டுக்குப் போய்விட்டார்.

சில மாதத்தில் புதுப் பம்பு வந்தது. வால்வைத் திறந்தால் தானே ஓடத் தொடங்கும், மேலே தண்ணீர் ஏறுகிறதா என்பதைக் கீழேயுள்ள மீற்றர் முள்ளே காட்டும் என்றார்கள். ஆள் தேவையில்லை. நானாவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள் என்று கடையில்தான் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிப்போக அவரால் ஏறி வர முடிந்திருக்காது.

என் கணவர் லீவில் வந்தபோது, "நெருப்பை அணைச்சனியாம், பெரிய ஆள்தான்" என்று சிரித்தார். ஓம் என்றேன். சனிக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் திரும்பக் கப்பலேறிய பிறகு ஒருநாள் மூதூருக்கு லோஞ்சு எடுத்தேன். இறங்குதுறையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நானா கதிரையில் காலை நீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ நானா, சும்மா வந்தனான்."

"தனியாவா வந்தீங்க?"

"ஓம்."

நான்கு மாடித் தூரத்தில் கத்திப் பழகியவர்களுக்கு ஒரு முழத் தூரத்தில் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. புதுப் பம்பு எப்படி என்று கேட்டார். நல்லது என்றேன்.

அவருடைய மனைவிதான் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். பலகை போட்டு இருத்தி, மீன் பொரித்துச் சோறு போட்டார்.

"உங்கட சத்தத்தப் பத்தி இவர் சொல்லிச் சொல்லி, நீங்க நல்ல பெருத்த பொம்பிளை எண்டெல்லோ நினைச்சிருந்தன்," என்றார்.

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு துண்டு மீன் வைத்தார். இன்னொருவர் கையால் நான் சாப்பிட்டு எவ்வளவு காலம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த மாதம் நானாவின் மனைவி ஆஸ்பத்திரிக்கென்று திருகோணமலை ரவுணுக்கு வந்தவர், வழி கேட்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்க வாசலில் நின்று, "இந்த உசரத்தில எப்படித்தான் தனியா இருக்கீங்களோ," என்றார். பாய் விரித்துக் கொடுத்தேன். பின்னேர லோஞ்சுக்கு நேரமாகும் வரை நித்திரை கொண்டார். நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தேன்.