பிளேஸ்டோ றூபினியும் கொதித்த காரும்

றூபினியின் வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. ஜேர்மனியில், டோர்ட்முண்ட் நகரத்துச் சமையலறை ஒன்றில், அவள் புருஷன் அதை ஸ்பானரால் அடித்து முறித்தான். அடித்த கையோடு அழுதான். மன்னிப்புக் கேட்டு, துணியில் ஐஸ் சுற்றி வைத்தான். அது மூன்றாவது மன்னிப்பு. மறுநாள் அவள் ஒரு பையோடு லண்டன் போகும் பஸ்ஸில் ஏறினாள். இனி எவன் அடித்தாலும் அதற்காக ஊர் மாறுவதில்லை என்று அந்தப் பஸ்ஸிலேயே முடிவெடுத்தாள்.

கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் அவள் கராஜ் திறந்து ஒன்பது வருடமாகிறது. "பொம்பிளை பூட்டின சில்லு பாதி வழியில கழண்டிடும்" என்று முதலில் சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள். கோளாறு என்னவென்று தெரியாமல் அவள் ஸ்பானரைத் தொடுவதில்லை. கேள்வி கேட்டே நோயைப் பிடித்துவிடுவாள்.

லண்டனின் மறுகோடி ஹவுன்ஸ்லோவிலிருந்து ஷெறோன் தன் காரை அவளிடம் கொண்டுவந்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற இருபத்தாறு வயதுப் பெடியன். கார், முப்பது வருடப் பழைய அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, உறுமினால் பாலத்துப் புறா எல்லாம் பறக்கும். வேகமாக ஓடினால் கொதித்தது. எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற றேடியேற்றரை றூபினி மாற்றினாள். முன் பம்பருக்குக் கீழே உடைந்து தொங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் தகட்டையும் கழற்றிவிட்டுப் புதியது பூட்டினாள்.

"எயார் டாம் எண்டு சொல்லுறது. வடிவுக்கு இல்லை" என்றாள். "வேகத்தில காத்து காருக்கு அடியால ஓடப் பார்க்கும். இது மறிச்சு றேடியேற்றருக்குள்ள அனுப்பும். கழட்டிப்போடாதை."

"சரி அக்கா, சரி" என்றான் ஷெறோன். காதில் இயர்போன்.

பதினொரு நாள் கழித்து, சனிக்கிழமை காலை, அவன் திரும்பி வந்தான். இடது முன்கையில் கட்டு. வலது கையில் சில்லுக் கழற்றும் இரும்பு.

முதல் அடி அலுவலகக் கண்ணாடியில் விழுந்தது. இரண்டாவது, மேசையில் இருந்த அவளது தேநீர்க் கோப்பையில். மூன்றாவது அடிக்கு றூபினி குறுக்கே வந்துவிட்டாள். இரும்பு அவள் இடது தோளில் இறங்கியது. விழும்போது ஜாக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் ஓடியது.

"மோட்டர்வேயில கொதிச்சது! றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கையைப் பொசுக்கிப்போட்டுது. என்ன குப்பையைப் பூட்டினனீ?"

அவன் மறுபடி இரும்பை ஓங்கினான். அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மீற்றர் நீள உருக்குக் கம்பி கிடந்தது. அதை எடுத்து அவன் முழங்காலில் ஒன்று போட்டால் அவன் இனிமேல் பெட்டி தூக்கமாட்டான். அவள் கை அதைப் பிடித்தும்விட்டது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"ஹவுன்ஸ்லோவில இருந்து இவ்வளவு தூரம் எப்பிடி வந்தனீ?"

இரும்பு அந்தரத்தில் நின்றது. "என்ன?"

"டவுனுக்குள்ளாலயோ, மோட்டர்வேயாலயோ?"

"டவுனுக்குள்ளால. ரெண்டு மணித்தியாலம் டிராபிக்."

"கொதிச்சதோ?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். டவுனுக்குள் கொதிக்கவில்லை. நின்று நின்று வரும்போது விசிறியே காற்றை இழுத்துவிடும். வேகத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால் றேடியேற்றருக்குக் காற்று போகவில்லை. றூபினி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வெளியே நடந்து, காரின் முன்னால் குந்தினாள். முதுகுக்குப் பின்னால் இரும்போடு அவன் நிற்கிறான் என்பது தெரியும். குனிந்தாள்.

பம்பருக்குக் கீழே நான்கு வெறும் ஓட்டைகள்.

"குனிஞ்சு பார். நான் பூட்டினதை ஆர் கழட்டினது?"

அவன் பார்த்தான். "நான் தொடேல்லை" என்றான். பிறகு தகப்பனுக்குப் போன் போட்டான். ஆனந்தராஜாவின் குரல் ஸ்பீக்கரில் நிதானமாக வந்தது.

"ஓம், நான்தான் கழட்டினனான். திருத்தி எடுத்த கையோட முருகன் கோயில்ல பூசை முடிஞ்சு, சில்லுக்குக் கீழ தேசிக்காய் நசிச்சு, தேங்காய் உடைச்சு, கார் வெளிக்கிடேக்குள்ள கர்ர் எண்டு நிலத்தில உரசினதெல்லே? முதல் ஓட்டத்தில தடங்கல் கூடாது, மோனை. பேந்தும் பேந்தும் உரசக்கூடாதெண்டு நீ ஷிப்டுக்குப் போக எடுத்துப்போட்டன். சோடனைப் பிளாஸ்டிக்தானே?"

இரும்பு நிலத்தில் விழுந்தது. ஷெறோன் சுவரைக் குத்தினான், ஒருமுறை, இருமுறை, முட்டி கிழியும்வரை. பிறகு அழுதான். "சொறி அக்கா. உண்மையாச் சொறி. இருங்கோ, துணி எடுத்துத் தாறன்." கந்தலைத் தூக்கிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே வந்தான்.

அந்தக் கந்தலைக் கண்டதும்தான் றூபினி பின்வாங்கினாள். இரும்பை ஓங்கியபோது பின்வாங்காதவள்.

"கிட்ட வராதை" என்றாள். "என்ரை மனிசனும் அடிச்சுப்போட்டு இப்பிடித்தான் துணி கொண்டுவாறவன்."

கம்பியை அவனுக்கு நேரே நீட்டியபடி, மற்றக் கையால் தன் போனில் பொலிசை அழைத்தாள். ஷெறோனின் போனுக்குள்ளிருந்து தகப்பன் கத்தினார்: "பிள்ளை, வேண்டாம். எங்கட சனமெல்லே. எயார்போட் வேலைப் பாஸைப் பறிச்சுப்போடுவாங்கள், தங்கச்சி." அவள் நிறுத்தவில்லை. முகவரியை இரண்டு தடவை தெளிவாகச் சொன்னாள்.

பொலிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. அம்புலன்ஸ்காரி புருவக் காயத்தை ஒட்டினாள். தோள் எலும்பு உடையவில்லை என்றாள். பின்னேரம் மூன்று மணிக்கு ஆனந்தராஜா வந்தார். துவாயில் சுற்றிய எயார் டாமை ஒரு குழந்தையைப்போலக் கையில் ஏந்தியிருந்தார். அதன் நடுவில் பூசையன்று வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது.

"கேஸை மட்டும் வாபஸ் வாங்கினீரெண்டால்..."

"கேஸ் வேறை, கார் வேறை, அண்ணை. அதைத் தாங்கோ."

ஒற்றைக் கையால் நான்கு போல்ட்டையும் முறுக்கினாள். மடங்காத விரல் ஒவ்வொரு திருப்பலுக்கும் விலகி நின்றது. றேடியேற்றரில் குறைந்திருந்த தண்ணீரை நிரப்பினாள். பொட்டைத் துடைக்கவில்லை. பிறகு அவரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பெரிய வீதிக்குப் போனாள். வேகம் அறுபது மைலைத் தாண்டியது. ஆனந்தராஜா வீதியைப் பார்க்கவில்லை, வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் நடுவில் ஏறி, அங்கேயே நின்றது. எழுபதிலும் அசையவில்லை.

"உந்தப் பிளாஸ்டிக்கோ இவ்வளவும் செய்யுது?" என்றார் மெதுவாக.

"ஓம்."

திரும்பி வந்தபோது கராஜ் வாசலில் கண்ணாடித் துண்டுகள் அப்படியே கிடந்தன. அவர் இறங்கி அவற்றை மிதிக்காமல் நின்றார்.

"அவன்ரை கூட்டாளிமார் கொஞ்சப்பேர் இருக்கினம். கோபக்காரர். நீர் கொஞ்ச நாளைக்கு வேறை எங்கையும்..."

றூபினி ஷட்டர் கொக்கியில் தொங்கிய தும்புத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பன் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ. இப்ப உந்தக் கண்ணாடியைக் கூட்டுங்கோ. எனக்குக் கை தூக்க ஏலாது."