ஏலத்தில் நான் தூக்கிய கை

எழுபதுகளின் பின்பாதியில் ஈப்போ பழைய டவுனில் ஓர் ஏலக் கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். லேலாங் கடை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ரப்பர் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. மானேஜர் ஊரைவிட்டுப் போனால் பங்களாச் சாமான்கள் எங்களிடம் வந்து இறங்கும். கடை மூடியவர்களின் அலமாரி, தவணை கட்ட முடியாதவர்களிடமிருந்து திரும்ப எடுத்த தையல் மெஷின், ஓடாத மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். மற்ற நாட்களில் நான் கடிதம் அடிப்பேன், ரசீது எழுதுவேன். சனிக்கிழமை ஏலம், முதலாளியே நின்று ஏலம் விடுவார். அன்றைக்கு எனக்கு வேறு வேலை.

முதலாளி முன்பு ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். கடிதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் திருப்பி அடிக்கச் சொல்வார். நான் சேர்ந்து நான்கு மாதம் கழித்து ஒரு கைப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சனிக்கிழமை நல்ல சேலையா கட்டிட்டு வா. கூட்டத்தோட நில்லு. நான் உன்னப் பாத்தா கையத் தூக்கு. கண்ணாடியக் கழட்டினா நிறுத்திக்க."

யாருக்காக வாங்க வேண்டும் என்று கேட்டேன். வாங்கவே வேண்டாம், விலை பாதியில் படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பை ஒட்டிப்போய்த் தெரியக்கூடாது என்று உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தார்.

நான் மறுக்கவில்லை. அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. எனக்குப் பின்னால் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைக்கென்று தனியாக ஐந்து வெள்ளி கிடைத்தது. இது ஏமாற்று என்று எனக்கு உடனே உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. காலையிலிருந்து நின்று நின்று வலித்த கால்தான் எனக்கு முதலில் உறைத்தது. என்னைப் போலவே நின்ற இன்னொருவர் முதலாளியின் மச்சான். நாங்கள் இருவரும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

சில சமயம் எதிரே கேட்டவர் சட்டென்று நின்றுவிடுவார். சாமான் என் தலையில் விழும். அதற்கும் முதலாளியிடம் வழி இருந்தது. ஏலத்துக்கு வருகிறவர்களின் பெயரும் முகவரியும் வாசலில் எழுதி வாங்கப்படும். திங்கட்கிழமை நான் ஒரு கடிதம் அடிப்பேன். வாங்கியவர் பின்வாங்கிவிட்டார், நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே தருகிறோம், வந்து எடுத்துக்கொள்ளவும் என்று. முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாக வருவார்கள். அவர்கள் வருகிற நாளில் நான் பின்னாலிருக்கும் ஸ்டோர் அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை, மூடிப்போன ஒரு சலூனின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கண்ணாடிகள், இரண்டு மின்விசிறிகள், முடி வெட்டும் நாற்காலி ஒன்று. கனமான இரும்பு நாற்காலி. மிதித்தால் உயரும், தள்ளினால் சுற்றும். என் பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் நின்றிருந்தார். இரண்டு வரிசை முன்னால் அவருடைய கணவர். கூட்டத்தில் தமிழ் முகத்தைப் பார்த்த நிம்மதியில் அந்த அம்மாள் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

சித்தியவான் பக்கம் ஒரு தோட்டம் அவர்களுக்கு. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கணவர் அங்கே முடி வெட்டுகிறவர். பதினைந்து வருஷமாக லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு மர ஸ்டூலைப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறார். இப்போது சித்தியவான் டவுனில் ஒரு கடையில் பாதி இடம் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. டவுன்காரர்கள் ஸ்டூலில் உட்கார மாட்டார்கள், சுற்றுகிற நாற்காலி வேண்டும். நின்றுபோன வேலைக்குத் தோட்டத்தில் கொடுத்த காசைக் கொண்டுவந்திருந்தார்கள். எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று பேசி வைத்திருந்ததைக்கூட அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். பிறகு, எனக்கும் சலூனா என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது.

நாற்காலி வந்தது. பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் கேட்டுக்கொண்டே வந்து தொண்ணூறு வெள்ளியில் நின்றுவிட்டார். அந்தக் கணவர் தொண்ணூற்றைந்து என்றார். வேறு யாரும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கையைக் கீழேயே வைத்திருக்கலாம். தலை சுற்றுகிறது என்று வெளியே போயிருக்கலாம். ஆனால் கை தூக்கினேன், பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு நீட்டுவதைப் போல. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு நூற்றைந்து என்றார். நான் மறுபடியும் தூக்கினேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அவர் நூற்று எண்பத்தைந்து சொன்ன பிறகு அந்த அம்மாள் முன்னால் போய்க் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். நாற்காலி நூற்றுத் தொண்ணூறுக்கு என் பேரில் விழுந்தது. திரும்பி வந்த அம்மாள், "பரவால்லலா தங்கச்சி, ஒங்க அண்ணனாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை கடிதம் அடித்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை.

வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். அவர்கள் புதன்கிழமையே வந்துவிட்டார்கள். ஈப்போ வரும் லாரி ஒன்றில் இடம் கிடைத்ததாம். நான் என் மேசையில், தட்டச்சு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போக நேரமில்லை.

அம்மாள்தான் முதலில் கண்டுகொண்டார். என் மேலே அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "ஏன் தங்கச்சி, அண்ணன் கட வைக்கலையா?" என்று கவலையோடு கேட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைப் பிரித்து, மெஷினில் மாட்டியிருந்த காகிதத்தின் எழுத்தோடு வைத்துப் பார்த்தார்.

"இத நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆமாண்ணே."

"நீங்க கை தூக்கலைன்னா எங்க நின்னிருக்கும்?"

"தொண்ணூத்தஞ்சுல. அந்த இரும்புக்காரரு தொண்ணூறோட விட்டுட்டாரு." கூடவே, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றேன். அதையும் சேர்த்துச் சொன்னது நான்தான்.

அவர் முதலாளியின் அறைக்குள் போனார். பலகைத் தடுப்பு என்பதால் எல்லாம் கேட்டது. சண்டை போட வரவில்லை, நாற்காலி வேண்டும், உண்மையில் வாங்க வந்த இன்னொருவர் தொண்ணூறில் நின்றுவிட்டார், அதனால் தொண்ணூற்றைந்து தருகிறேன் என்றார். யார் சொன்னது என்று முதலாளி கேட்டார். "யாரு சொல்லணும் சார்? நானுந்தானே கூட்டத்துல நின்னேன்" என்றார் அவர்.

அந்த அம்மாள் எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "நான் ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார்.

பேச்சு நூற்றிருபதில் முடிந்தது. லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அதற்கு மேல் நின்று பேச அவர்களுக்கு நேரமில்லை. ரசீதை நான்தான் எழுதினேன். கடை ஆட்கள் இரண்டு பேரும் அவரும் சேர்ந்து நாற்காலியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "நீ நல்ல பிள்ளதான். ஆனா ஒனக்குச் சம்பளம் எங்கருந்து வருதுன்னு நெனச்சுப் பாரு" என்றார். இனி சனிக்கிழமை நிற்க மாட்டேன் என்றேன். சரி என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. முன்பே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் முடிந்திருக்கும் போல.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கைப்பையோடு வேறொரு பெண் நின்றாள். துணிக்கடையில் வேலை பார்த்தவள், என்னைவிடக் கெட்டிக்காரி. சாமான் அவள் தலையில் அபூர்வமாகத்தான் விழும். விழுந்தபோது திங்கட்கிழமைக் கடிதத்தை நான் அடித்தேன். கை தூக்குவதைத்தான் விட்டேன், வேலையை விடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகித் தெலுக் இந்தானுக்குப் போகும் வரையில் அடித்துக்கொண்டிருந்தேன். எத்தனை கடிதம் என்று எண்ணவில்லை.

சித்தியவான் வழியாகப் பஸ்ஸில் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். இறங்கிப் பார்க்கத் தோன்றியதில்லை. பார்த்து என்ன சொல்வது?

தெலுக் இந்தானில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற பெண் ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்து, இது ரொம்ப மலிவு, நானே எடுக்கலாம்னு இருந்தேன் என்று சொன்னால் போதும், நான் சேலையை வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பேன். அவள் உண்மையாகவே வாங்க வந்தவளாக இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது.