உடைத்துப் பூசிய சுவர்

எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் உடனே படியேறுவதில்லை. தெருவிலேயே நின்று, நிலைக்கதவுக்கு இடப்பக்கம் உள்ள சுவரைப் பார்க்கிறார்கள். ஓர் ஆள் குனியாமல் நுழைகிற அளவுக்கு அங்கே ஒரு புதுப்பூச்சு இருக்கிறது. முழுச் சுவருக்கும் ஒரே வண்ணத்தை இரண்டு முறை அடித்தாயிற்று. இருந்தும் வெயில் சாய்வாக விழும்போது அந்த இடம் மட்டும் உப்பலாகத் தெரிகிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது ஒன்றுமில்லை. திருநெல்வேலிக்காரர்களுக்கு அதற்கு மேல் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

மாமா, அதாவது என் கணவரின் அப்பா, அவிட்ட நட்சத்திரத்தில் இறந்தார். அவிட்டம் போன்ற சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு ‘அடைப்பு’ என்பார்கள். போன உயிர் வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். அதனால் உடலை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது. சுவரை உடைத்து, அந்த வழியாகக் கொண்டுபோய், பிறகு அதை அடைத்துவிட வேண்டும். இறந்தவர் இருந்த அறையை ஆறு மாதம் பூட்டிவைத்து, சாயங்காலம் விளக்கேற்ற மட்டும் திறக்க வேண்டும். இப்போது பல வீடுகளில் கொல்லைச் சுவரில் நாலு செங்கலை உருவிவிட்டு அதோடு சடங்கை முடித்துக்கொள்கிறார்கள். டவுனில் எங்கள் தெரு வீடுகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை. பின்பக்கமும் அடுத்த தெருக்காரர் வீடு. உடைப்பதென்றால் தெருவைப் பார்த்த முன்சுவர் ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது.

அன்றைக்கு என் கணவர் தயங்கினார். “சும்மா நாலு செங்கலை எடுத்தாப் போதும்னு ஐயரே சொல்லுதாரே” என்று தன் அக்காவிடம் கேட்டார்.

“நாலு செங்கலை எடுத்தா அது வழியா அப்பா எப்படிலே போவாவ?” என்றார் மதினி. அழுதுகொண்டேதான் சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். “ஏளா, நீ சொல்லு. சின்னப்பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?”

மகளுக்கு அப்போது பேச்சே சரியாக வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வேதியியலில் முதுகலை படித்தவள். “உடைச்சிரட்டும் மதினி” என்றேன். நம்பித்தான் சொன்னேனா என்று கேட்டால் இன்றுவரை தெரியவில்லை. நம்பாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றுதான் தோன்றியது. கடப்பாரை விழுந்த சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டு அழுதது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டை விற்க வேண்டியிருந்ததற்குக் காரணம் சுவர் இல்லை. என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாமாவைப் பார்த்துக்கொள்ள நானும் மகளும் இங்கேயே இருந்தோம். அவர் போன பிறகு நாங்கள் இங்கே இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இதை விற்று ஓசூரில் சின்னதாக ஒரு வீடு வாங்கினால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். அவ்வளவுதான் எங்கள் திட்டம். மதினியும் சம்மதித்துவிட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் சேருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். அவள் ஓசூரில்தான் முதல் வகுப்பறையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அப்பா மாதம் ஒருமுறை ரயிலில் வந்துபோகிற விருந்தாளி என்று அவள் மனதில் பதிந்துவிடக் கூடாதே என்று பயம்.

அடைப்புக் காலம் முடிந்து சாந்தி கழித்ததும் தரகர் அண்ணாச்சியிடம் சொன்னோம். அவர் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“சும்மாவே இப்ப டவுனுக்குள்ள யாரு தாயி வீடு வாங்குதா? எல்லாரும் காரை நிறுத்த எடம் எங்கங்காவ. உங்க தெருவுல காரு நொழைஞ்சா ரிவர்ஸ்லதான் திரும்பி வரணும். இதுல இந்தச் சொவரு வேற.”

“அப்ப நாங்க ஓசூருக்குப் போயிட்டு, வாடகைக்கு இருந்துக்கிட்டே விக்கட்டுமா அண்ணாச்சி?”

“போயிராதீய. பூட்டிக் கிடந்தா அடைப்பு வீட்டை ஒரு பய ஏறிட்டுப் பாக்க மாட்டான். நீங்களும் பிள்ளையும் உள்ள வாழுதீயள்லா, அதுதான் இந்த வீட்டுக்குச் சர்டிபிகேட்டு.”

அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. அதனால் இருந்தோம். வீட்டில் ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தினமும் வாசல் தெளித்து, கொஞ்சம் பெரிய கோலமாகவே போட்டேன். ஆடியில் யாரும் வரவில்லை. புரட்டாசியில் வரவில்லை. மார்கழியில் வீடு பார்க்க வருகிறவர் கிடையாது. தையில் கூட்டமாக வருவார்கள் என்றார் அண்ணாச்சி. வந்தார்கள். பக்கத்துக் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே எங்கள் வீட்டையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு குடும்பம் முற்றத்தில் உட்கார்ந்து பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “நல்ல காத்து வருது” என்று சொல்லிப் போயிற்று. இன்னொருவர் வெளியிலிருந்தே சுவரைக் காட்டி, “இது எதுக்கு?” என்றார். தெரிந்துகொண்டே கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினார்.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி அந்த யோசனையைச் சொன்னார். வெளிப்பக்கம் பூச்செடித் தொட்டிகளை வைக்கலாம். உள்பக்கம் பூச்சு தெரியாமல் பெரிய சாமான் எதையாவது சாத்தி வைக்கலாம். வீட்டில் அந்த அகலத்துக்கு இருந்தது என் கல்யாணப் பீரோ ஒன்றுதான். அண்ணாச்சி இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து அதை உள்ளறையிலிருந்து நகர்த்தி முன்னறைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். மறைப்பது பொய்யா என்று யோசித்தேன். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடலாம், கேட்காதவர்களிடம் நாமாகப் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

பங்குனியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தார்கள். கண் சிகிச்சைக்கு அடிக்கடி திருநெல்வேலி வர வேண்டியிருந்தது. நடந்துபோகிற தூரத்தில் கோயில் இருக்க வேண்டும். அவர்களிடம் கார் இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் காப்பியில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அவர்கள் தெருவில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டார்கள். டீச்சர் அடுப்படியைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், முற்றத்து வெளிச்சத்தைப் பார்த்து, “இங்கன உக்காந்தா கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கலாம்” என்றார். நான் மனதுக்குள் ஓசூர் வீட்டுக்குத் திரைச்சீலை தைக்க ஆரம்பித்துவிட்டேன். திரும்பி முன்னறைக்கு வந்தவர் பீரோவைப் பார்த்து நின்றார்.

“பீரோ என்ன முன்னறையில நிக்கு?”

“உள்ளே எடமில்ல டீச்சர்” என்றேன். சொல்லும்போதே தப்பு புரிந்தது. காலியாகக் கிடந்த உள்ளறையை அவர் அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். நகையும் பட்டும் வைக்கிற பீரோவைத் தெருவாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிற வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? அண்ணாச்சிக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

டீச்சர் பீரோவுக்குப் பக்கத்தில் போய், சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். பீரோவின் ஓரம் வந்ததும் சத்தம் மாறியது.

“அடைப்பா?”

“ஆமா டீச்சர். மாமா அவிட்டத்துல போனாவ.”

அண்ணாச்சி அவசரமாகக் குறுக்கிட்டார். “சாந்தியெல்லாம் கழிச்சாச்சு டீச்சர். வருசமும் திரும்பியாச்சு. இந்தா, தாயும் பிள்ளையும் இதுக்குள்ளதான வாழுதாவ.”

டீச்சரின் கணவர் சிரித்தார். “ஏ, எங்க அம்மை ரோகிணி அடைப்புல போனவதான். அந்த வீட்டுலதான் இம்புட்டுக் காலமும் நீ தோசை சுடுதே. உடம்புல சீனி கூடுனதத் தவிர உனக்கு என்ன ஆச்சு?”

“உங்களக் கட்டுனதுக்கு மேல எனக்கு இன்னும் என்ன ஆகணும்?” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாஞ்சையாகத்தான் பிடித்தார். “ஏம்மா, நான் மனசுல வச்சுக்காம கேட்டுருதேன். நீயும் மறைக்காமச் சொல்லு. அதுக்குப் பொறவு உங்களுக்கு ஒரு கொறையும் இல்லையே? பிள்ளை நல்லா இருக்காள்லா?”

மகள் முற்றத்தில் உட்கார்ந்து, ஈரச் சாக்கட்டியால் தரையில் மீன் வரைந்துகொண்டிருந்தாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள். நன்றாக இருக்கிறாள் என்று சொன்னால் போதும்.

ஆனால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். கண் பட்டுவிடும். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும், “எங்க, சாப்பிடவே மாட்டேங்கா” என்போம். யாராவது பிள்ளையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால், அவர்கள் படியிறங்கியதும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவோம். பரிசோதனைக்கூடத்தில் அமிலம் அளந்த கையால் நானும் அதைச் செய்திருக்கிறேன். அதையும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டா சொல்வது? கேட்டுக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றுக்கு எதிரே நின்றுகொண்டா, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வது?

“ஏதோ... இருக்கா டீச்சர்” என்றேன்.

டீச்சரின் முகம் மாறவில்லை. கையின் பிடி மட்டும் லேசாகத் தளர்ந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு, “போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல்தான்” என்று சேர்த்துச் சொன்னேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சரும் இந்தப் பக்கத்துப் பெண்தான். வேறு வீடாக இருந்தால் நான் சொன்னதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தன் பேரனைப் பற்றிக் கேட்டால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது வேறு பதில். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். மகளின் தலையைத் தடவினார். “சொல்லியனுப்புதோம்மா” என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் சொல்லியனுப்பியதில்லை.

அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டு அண்ணாச்சி திரும்பி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் பேத்தி இருக்கு தாயி. அப்படிச் சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ‘நல்லா இருக்கா’ன்னு ஒரு வார்த்தை வியாபாரத்துக்குச் சொல்லிட்டு, அவிய போன பொறவு ரெண்டு மிளகாயைச் சுத்தி அடுப்புல போட்டிருக்கலாம்லா?”

இருக்கலாம்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பயத்துக்காகச் சுவரை உடைக்கச் சொன்னேனோ, அதே பயம்தான் வாயையும் அடைத்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதும் சரியா என்று தெரியவில்லை. டீச்சர் முதலிலேயே முடிவு செய்துவிட்டு, மரியாதைக்காக என்னிடம் கேட்டிருக்கலாம். அல்லது வீடு திரும்பி, மகனிடம் பேசி, வேறு காரணத்துக்காக வேண்டாம் என்றிருக்கலாம். பல நாள் இதையே மாற்றி மாற்றி யோசித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே கணவரிடம் போனில் சொன்னேன். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் அப்படியே சொன்னேன், காய்ச்சலைச் சொன்னதையும் மறைக்கவில்லை.

“நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்றார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. பிறகு, “வெயில் காலம் முடிஞ்சா ஸ்கூல் திறந்துருவாவ. ஸ்கூலை அங்கனயே பாத்துரு” என்றார்.

நான் சரி என்று சொல்வதற்குள் அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்துத் தெருப் பள்ளியில் உடனே இடம் கிடைத்தது. சீருடை எடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அவளை நிற்கவைத்து, ஒரு சட்டையை அவள் தோளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்.

“இந்த வருசத்துக்கு அளவா எடுக்கவா, அடுத்த வருசத்துக்கும் சேத்துப் பெருசா எடுக்கவா?”

எல்லோரும் பெரிதாகத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் சட்டென்று வளர்ந்துவிடுவார்கள். ஆனாலும் அடுத்த வருடமும் இந்த ஊர்ச் சீருடைதானா என்று சட்டையின் விளிம்பை மடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் பின்னால் நின்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் கேட்டார்.

“பெருசாவே எடுங்க அண்ணாச்சி” என்றேன்.