கண்காணி

எங்கள் ராஜபாளையத்துப் பங்குக் கோயிலுக்கு ஆயர் வருகிறார் என்றதும், ஆதித் திருச்சபையில் ஆயர்களும் போப்பும் எப்படி உண்டானார்கள் என்று ஐந்து நிமிடம் பேசும்படி என் மனைவியிடம் பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அவள் நூற்பாலையில் சூப்பர்வைசர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். "மில்லுல கெடக்குறவளுக்கு மைக் எதுக்கு?" என்று கோயில் வாசலிலேயே ஒருத்தி கேட்டாள். என் மனைவி காதிலும் அது விழுந்தது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். மனு அடித்துப் பழகிய தமிழில் நான்கு பக்கம் தட்டிக் கொடுத்தேன். பைபிள் சொல்லும் பாறை, திறவுகோல், ரோமாபுரி, அதிகாரம் எல்லாம் இருந்தன. வாரிசுரிமை என்ற சொல் மட்டும் ஏழு இடத்தில் வந்தது. ஒரு வாரம் அடுக்களையில் வைத்துத் திக்கித் திணறி வாசித்தாள்.

ஆயர் வந்த அன்று மைக் முன்னால் போனவள், தாள்களை மடித்து இடுப்பில் செருகிவிட்டாள்.

"எங்கம்மா வீட்டுப் பழைய பைபிள்ல ஆயருன்னு இல்ல, கண்காணின்னுதான் போட்டிருக்கு" என்றாள். பின்வரிசையில் சிரிப்பு. அவள் அசரவில்லை.

"மில்லுல நானும் கண்காணிதான். ரோமாபுரியில மொதல்ல ஒத்த ஆளு தலைமை இல்லியாம். மூப்பருங்க நாலஞ்சு பேரு சேந்து பாத்துக்கிட்டாக. பொறவுதான் ஒருத்தரு பொறுப்புன்னு ஆச்சு. கிறிஸ்தவங்கள ராஜா சேவகன் புடிக்க வந்தா மொதல்ல நம்மளத்தான் புடிப்பான்னு தெரிஞ்சே ஒத்துக்கிட்டவிய இருந்திருக்காக. விதவைக்குச் சாப்பாடு போச்சா, ஜெயில்ல கெடக்குறவன யாரு பாத்தான்னு விசாரிக்கணும். அதான் வேல. போப்புன்னா அப்பான்னுதான் அர்த்தமாம். எங்க செக்‌ஷன்ல ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா எனக்குத் தெரியணும். தெரியலேன்னா நான் என்ன கண்காணி?"

யாரும் சிரிக்கவில்லை. ஆயர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, வாரம் முழுக்க ஷிஃப்ட் முடிந்ததும் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. அவளை நினைத்து அப்படியொரு பெருமையாக இருந்தது. கூடவே கொஞ்சம் வலித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் எழுதினதுல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்லங்க. அதிகாரம் யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு நாலு பக்கமும் இருக்கு. யாருக்காக வந்துச்சுன்னு ஒரு வரி இல்லியே."

அவள் இடுப்பிலிருந்த தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போன பிறகு அவற்றை எடுத்து நான்கு பக்கமும் தேடிப் பார்த்தேன். இல்லை.